பதில் சொல்லும் பலகை: கொத்மலை ரேடியோவும் நம்ம டவுனும்

புசல்லாவை டவுன் என்றால் ஒரே தெருதான். கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்குப் போகிற ஏ5 வீதி, அதன் இரண்டு பக்கமும் கடைகள், அவ்வளவுதான். அந்தத் தெருவில் ஒரு கடை வாசலில் இப்போது எல்.ஈ.டி. திரை ஒன்று மாட்டியிருக்கிறார்கள். நகை, ஃபோன், சவர்க்காரம் என்று மாறி மாறி ஓடும். மழை நாளில் அதன் சிவப்பும் நீலமும் நனைஞ்ச ரோட்டில் விழுந்து கிடக்கிறது பார்க்க அழகாத்தான் இருக்கும்.

ஒரு நாள் பின்னேரம் பஸ் வரவில்லை. அரை மணி நேரம் அந்தத் திரைக்கு எதிரில் நின்றேன். யாரும் அதை நிமிர்ந்து பார்க்கவில்லை. பக்கத்து லைட் கம்பத்தில் ஒரு மரண அறிவித்தல் ஒட்டியிருந்தது. கறுப்பு வெள்ளை, ஏ4 தாள், ஒரு மூலை கிழிஞ்சது. அதுக்கு முன்னால் மட்டும் ஆள் மாறி ஆள் நின்றுகொண்டே இருந்தார்கள். கொழுந்துக் கூடையோடு வந்த ஒரு அம்மா, பக்கத்தில் நின்ற ஸ்கூல் பொடியனிடம் “தம்பி, இது யாருன்னு வாசிச்சு சொல்லுப்பா” என்றார். அவன் வாசித்தான். “அய்யோ, இது நம்ம மேல்கணக்கு தாத்தா இல்லையா?” என்றார் அவர். “இல்ல அம்மாயி, அது வேற ஆளு, இவரு கீழ் டிவிஷன்” என்று பின்னாலிருந்து இன்னொருவர் திருத்தினார். எடுப்பு எத்தனை மணிக்கு, எந்த வழியால் போகலாம், யார் யார் போகிறார்கள் என்று அங்கேயே ஒரு சின்னக் கூட்டம் கூடிவிட்டது.

இத்தனை லட்சம் போட்ட திரை பேச வைக்காததை ஒரு தாள் பேச வைத்தது. இந்தக் கட்டுரை அந்த அரை மணி நேரத்தில் பிறந்ததுதான்.

உலகத்துப் பெரிய நகரங்களில் இதை ஒரு ஆராய்ச்சித் துறையாகவே செய்கிறார்கள். ஊர் நடுவில் ஒரு திரை. அது வலையமைப்பில் இணைந்திருக்க வேண்டும். தொட்டாலோ கேட்டாலோ பதில் தர வேண்டும். பின்லாந்தின் ஊலு நகரத்தில் 2009இல் பல்கலைக்கழகமும் நகரமும் சேர்ந்து தெருவிலும் நூலகத்திலும் நீச்சல் மண்டபத்திலும் இப்படிப் பெரிய தொடுதிரைகளை வைத்தன. ஆனால் அதற்குப் பத்து வருஷத்துக்கு முன்னாலேயே, திரையே இல்லாமல், நம்ம மலைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ரேடியோ நிலையம் இதைச் செய்து பார்த்தது. நம்மில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

தப்புச் சத்தமும் தபால் அட்டையும்

கொத்மலைக்குப் போவதற்கு முன்னால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

புசல்லாவை மண்ணில் தேயிலைக்கு முன்னால் கோப்பி. ஆனால் கோப்பிக் காலத்திலேயே, 1841இல், மோரிஸ் டி வோம்ஸ் என்பவர் இங்கே ரொத்சைல்ட் தோட்டத்தில் சீனத்துத் தேயிலைச் செடிகளை நட்டுப் பார்த்திருக்கிறார். அன்றிலிருந்தே இந்த மலைகளில் செய்தி எப்படி நகர்ந்தது என்று யோசித்துப் பாருங்கள். விடியக் காலையில் தப்புச் சத்தம். சத்தம் கேட்டால் பெரட்டுக்குப் போகணும். பெரட்டுக் களத்தில் எந்த மலையில் வேலை, எத்தனை கிலோ எடுக்கணும் என்று சொல்வார்கள். பின்னேரம் நிறுவையில் கொழுந்து, செக்ரோலில் பேர். முழுப் பேரா அரைப் பேரா என்று எழுதுகிறவர் ஒருவர், எழுதப்படுகிறவர் இன்னொருவர்.

தோட்டத்தில் செய்தி வேகமாகத்தான் போனது. துரையின் பங்களாவிலிருந்து கடைசி லயத்துக் கடைசிக் காம்பரா வரைக்கும் ஒரு உத்தரவு அரை மணி நேரத்தில் வந்து சேரும். ஆனால் அது மேலிருந்து கீழே மட்டும்தான் வரும். கீழிருந்து மேலே ஒரு கேள்வி போக வழி இல்லை.

அந்த ஒருவழிப் பாதையை முதலில் உடைக்கப் பார்த்தவர்களில் கோ. நடேசய்யரும் மீனாட்சியம்மாளும் உண்டு. 1920களில் நடேசய்யர் ‘தேசபக்தன்’ பத்திரிகையை நடத்தினார். பத்திரிகை வாசிக்கத் தெரியாதவர்களுக்கு மீனாட்சியம்மாள் கூட்டங்களில் பாட்டாகவே பாடினார். எழுத்து போகாத இடத்துக்குக் குரல் போகும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பிறகு ரேடியோ வந்தது. இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பு கடலுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டிலும் கேட்டது. எங்க தாத்தா ஒரு தபால் அட்டையில் லயத்து ஆட்கள் எல்லாருடைய பேரையும் நெருக்கி நெருக்கி எழுதி, தோட்டத்துப் பேரையும் போட்டு, ஒரு பாட்டுக் கேட்டு அனுப்புவாராம். பேரை வாசித்துவிட்டால் அன்றைக்கு முழு லயத்துக்கும் திருவிழாதான். “பாட்டுக்காகவாடா எழுதுனோம்? நம்ம தோட்டத்துப் பேரு கொழும்புல இருந்து கேக்கணும்னு எழுதுனோம்” என்பார்.

ஊடாடும் ஊடகம் என்று இன்றைக்குப் பெரிய பேர் வைத்திருக்கிறோமே, அதன் ஆரம்பம் எனக்கு அந்தத் தபால் அட்டைதான். என் பேரை நீ சொல், நான் இங்கே இருக்கிறேன் என்று சொல்.

கொத்மலை: இன்டர்நெட்டை வாசித்துச் சொன்ன ரேடியோ

டவுனைத் தாண்டி ரம்பொடைப் பக்கம் ஏறும்போது கீழே தெரிகிற தண்ணீர்தான் கொத்மலை நீர்த்தேக்கம். மகாவலித் திட்டத்தில், சுவீடன் நாட்டு உதவியோடு, 1979இல் தொடங்கி 1985இல் முடித்த அணை. உயரம் 87 மீற்றர். வயல், வீடு, விகாரை, தேயிலை என்று ஒரு பள்ளத்தாக்கே தண்ணிக்குக் கீழே போனது. ஜனங்களை எழுப்பி வேறு வேறு இடங்களில் குடியேற்றினார்கள்.

அப்படிக் குடியேற்றப்பட்டவர்களோடு பேச 1981இல் மகாவலி சமுதாய வானொலி என்று ஒரு முயற்சி தொடங்கியது. யுனெஸ்கோவும் டென்மார்க் நாட்டு உதவி நிறுவனமும் பின்னால் நின்றன. ஒலிபரப்பாளர்கள் ஊருக்குள் போய், அங்கேயே தங்கி, ஜனங்களின் பேச்சையும் பாட்டையும் பதிவு செய்து ஒலிபரப்புவார்கள். அதன் தொடர்ச்சியாக 1989இல் கொத்மலை சமுதாய வானொலி வந்தது. சுற்றுவட்டம் ஏறக்குறைய 20 கிலோமீற்றர். நம்ம புசல்லாவையும் அதுக்குள்ளேதான்.

1998இல் யுனெஸ்கோ, இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம், தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு, கொழும்புப் பல்கலைக்கழகம் எல்லாம் சேர்ந்து அந்த நிலையத்துக்கு இன்டர்நெட் கொண்டுவந்தன. 64 கிலோபிட் வேகத்தில் ஒரு தனி லைன். இன்றைக்கு ஃபோனில் எடுக்கிற ஒரு 3 எம்.பி. படத்தை அதில் இறக்க ஆறு நிமிஷத்துக்கு மேல் ஆகும். அந்தக் காலத்தில் அது பெரிய விஷயம். இந்தப் பக்கத்தில் கம்ப்யூட்டரைக் கண்ணால் கண்டவர்களே குறைவு.

அவர்கள் கண்டுபிடித்த வழி எளிமையானது. நேயர்கள் கடிதத்திலோ ஃபோனிலோ கேள்வி அனுப்பலாம். மிளகில் விழுகிற நோயா, பிள்ளையின் காய்ச்சலா, மேற்படிப்பா, எதுவானாலும் சரி. ஒலிபரப்பாளர் நிகழ்ச்சியிலேயே இன்டர்நெட்டில் தேடுவார். விஷயம் தெரிந்த ஒருவர், ஒரு வைத்தியரோ விவசாய அதிகாரியோ, பக்கத்தில் இருப்பார். ஆங்கிலத்தில் கிடைத்ததை இருவரும் பேசிப் பேசி ஊர்ப் பாஷையில் விளக்குவார்கள். ஒருத்தர் கேட்ட கேள்வியின் பதில் ஊருக்கே கிடைத்தது. ‘ரேடியோ பிரவுசிங்’ என்று பிறகு உலகம் முழுக்க அதுக்குப் பேர் வந்தது. யுனெஸ்கோ மற்ற நாடுகளில் தொடங்கிய சமுதாயப் பல்லூடக நிலையங்களுக்குக் கொத்மலைதான் முன்மாதிரி.

கம்பளையிலும் நாவலப்பிட்டியிலும் பொது நூலகங்களில் இலவசமாக இன்டர்நெட் பார்க்கிற வசதியையும் திறந்தார்கள். பிறகு ஒரு ஓட்டோவையே நடமாடும் நிலையமாக்கினார்கள். பேர் ‘இ-டுக்டுக்’. உள்ளே மடிக்கணினி, பிரிண்டர், கேமரா, இன்டர்நெட் இணைப்பு, மேலே ஒலிபெருக்கி. ரேடியோ நிலையத்துக்கு வர முடியாதவர்களைத் தேடி நிலையமே மூணு சக்கரத்தில் போனது. ஒரு கடைச் சந்தியில் அது நின்று ஜனம் சுற்றிக் கூடினால், அதைவிட நல்ல ‘பொது இடத்து ஊடாடும் பலகை’ எது?

கேள்வி எந்த மொழியில்?

இதுவரை எழுதியதை வாசித்து எங்க அம்மாவிடம் காட்டினேன். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். “அப்படி ஒரு ரேடியோ இருந்துச்சு, சத்தம் கேட்டிருக்கேன். ஆனா அது சிங்களத்துலதானே பேசும்” என்றார். இன்டர்நெட்டில் கேள்வி கேட்கலாம் என்ற விஷயம் அவருக்குத் தெரியவே தெரியாது.

கொத்மலை ரேடியோவின் ஒலிபரப்பு பெரும்பகுதி சிங்களத்தில்தான். அது கிராமத்து ஜனங்களுக்காகத் தொடங்கிய நிலையம், அவர்களின் பாஷையில் பேசியது. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதே 20 கிலோமீற்றருக்குள், அதே அலைவரிசைக்குக் கீழே, மலை மலையாக லயங்கள் இருந்தன. அங்கே பேச்சு தமிழ். அலை சுவரைத் தாண்டி வந்தது, பாஷையைத் தாண்டி வரவில்லை.

இதில் இன்னொரு முரண் இருக்கிறது. இன்டர்நெட்டில் சீக்கிரமாக ஏறிய மொழிகளில் தமிழும் ஒன்று. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1995இலேயே தமிழை வலையில் ஏற்றிவிட்டார். 1999 பெப்ரவரியில் சென்னையில் ‘தமிழ்நெட் 99’ மாநாடு கூடி விசைப்பலகைக்கு ஒரு தரம் வகுத்தது. கிட்டத்தட்ட அதே காலத்தில்தான் கொத்மலையில் இன்டர்நெட் நிகழ்ச்சி. சிங்கப்பூரும் சென்னையும் தமிழில் தட்டிக்கொண்டிருந்தபோது, ஒலிபரப்புக் கோபுரம் தெரிகிற தூரத்தில் இருந்த நம்ம லயத்துக்கு அது வந்து சேரவில்லை. கோபுரம் பக்கத்தில் இருப்பது மட்டும் போதாது, அதன் கீழே நம்ம பாஷையில் கேட்க ஒரு ஆள் இருக்கணும்.

மற்ற ஊர்கள் என்ன செய்தன?

கிட்டத்தட்ட அதே நேரத்தில், 1998இல், புதுச்சேரிப் பக்கம் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கிராமங்களில் அறிவு மையங்களைத் தொடங்கியது. அதில் வீராம்பட்டினம் ஒரு மீனவ ஊர். அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளத்தில் வருகிற அலை உயரக் கணிப்பை அங்கே இறக்கி, தமிழில் ஒலிபெருக்கியில் கடற்கரைக்கே அறிவித்தார்கள். வள்ளம் இறக்கலாமா வேண்டாமா என்று மணலில் நின்றுகொண்டே முடிவு செய்யலாம். மையம் எங்கே இருக்க வேண்டும் என்பதற்கும் ஒரு நிபந்தனை வைத்தார்கள்: தலித் மக்கள் உட்பட ஊரில் எல்லாரும் தடையில்லாமல் வரக்கூடிய பொது இடமாக இருக்கணும். இயந்திரத்தை விட அது நிற்கிற இடம் முக்கியம் என்று அவர்களுக்குப் புரிந்திருந்தது.

1999 ஜனவரியில் தில்லி கால்காஜியில் சுகதா மித்ரா ஒரு சுவரில் ஓட்டை போட்டுக் கம்ப்யூட்டரை வைத்தார். சேரிப் பிள்ளைகள் யாரும் சொல்லிக் கொடுக்காமலே தட்டிப் பழகினார்கள். ஆனால் சுவரில் வைத்துவிட்டால் போதுமா, கூடவே ஒரு பெரியவர் வேண்டாமா என்று அதைப் பற்றி இன்றைக்கும் சண்டை நடக்கிறது.

இன்னும் பின்னால் போனால் 1973. அமெரிக்காவில் பெர்க்லியில் ஒரு இசைத்தட்டுக் கடை. பாட்டுக்காரர்கள் ஆள் தேடி விளம்பரம் குத்துகிற பலகைக்குப் பக்கத்தில் ஒரு கணினி முனையத்தை வைத்தார்கள். பேர் ‘கம்யூனிட்டி மெமரி’. யாரும் வந்து எழுதலாம், யாரும் தேடலாம். பக்கத்தில் உதவிக்கு ஒருவர் எப்போதும் நின்றார். அது பழைய அறிவித்தல் பலகையின் பக்கத்திலேயே வைக்கப்பட்டது தற்செயலாக அமைந்தது என்று எனக்குத் தோன்றவில்லை. ஜனம் ஏற்கெனவே எங்கே நிற்கிறதோ அங்கே போய் நிற்கணும்.

1980 நவம்பரில் கிட் கேலொவே, ஷெரி ரபினோவிட்ஸ் என்ற இரண்டு கலைஞர்கள் நியூயோர்க்கிலும் லொஸ் ஏஞ்சலிஸிலும் தெருவோரம் ஆளுயரத் திரைகளை வைத்து, செய்மதியால் இணைத்தார்கள். எந்த அறிவித்தலும் இல்லை. முதல் நாள் தெருவில் போனவர்கள் திகைத்து நின்றார்கள். மூன்றாம் நாள், பல வருஷம் பார்க்காத சொந்தக்காரர்கள் நேரம் குறித்துக்கொண்டு திரைக்கு முன்னால் வந்து அழுதார்கள். 2024 மே மாதம் டப்ளினையும் நியூயோர்க்கையும் அதே மாதிரி ஒரு வட்டத் திரை இணைத்தது. சிலர் அசிங்கமாக நடந்துகொண்டதால் கொஞ்ச நாளில் அதை நிறுத்தி, பிறகு திருத்தித் திறக்க வேண்டி வந்தது. பொது இடத்தில் ஒரு கதவைத் திறந்தால் நல்லதும் வரும், கெட்டதும் வரும். கவனிக்க ஆள் வேணும்.

நமக்கு இது ஏன் அவசரம்

இதெல்லாம் நகரத்துக்காரர்களின் விளையாட்டு, நமக்கெதுக்கு என்று கேட்கலாம். நமக்குத்தான் முதலில் வேணும் என்பேன்.

2014 ஒக்டோபர் 29. கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தில் காலையில் மலை இறங்கி லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது, ஆட்களை எழுப்ப வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. தகவல் இருந்தது. ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கும் போனது. மண்ணுக்குக் கீழே படுத்திருந்தவர்களுக்குப் போய்ச் சேர்ந்து, அவர்கள் பிள்ளைகளோடு போய் இருக்க ஒரு கூரையாக மாறவில்லை. எழும்பிப் போ என்று சொன்னால் மட்டும் போதாது. எங்கே போறது என்று கேட்டால் பதில் வேணும். அதைக் கேட்கவும் ஒரு இடம் வேணும்.

2025 நவம்பர் இறுதியில் தித்வா புயல். நாடு முழுக்க 600க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. கண்டி, நுவரெலியா மாவட்டங்களில் மலை மலையாகச் சரிந்தது. ரோடு உடைந்தது, கரண்ட் போனது, ஃபோன் கோபுரங்கள் செத்தன. அந்த இரவுகளில் கையில் இருந்த ஸ்மார்ட்ஃபோன் ஒரு டோர்ச் லைட் மட்டும்தான்.

மண்சரிவு எச்சரிக்கை ஒன்றும் மந்திரம் இல்லை. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் மஞ்சள், கவனமாயிரு. 100 என்றால் செம்மஞ்சள், தயாராயிரு. 150 என்றால் சிவப்பு, வெளியேறு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்குகிற கணக்கு. ஆனால் நம்ம டவுன் திரையில் இன்றைக்கு எவ்வளவு மழை என்று ஒரு வரி ஓடி நான் பார்த்ததில்லை. சவர்க்கார விளம்பரத்துக்கு நடுவில் பத்து விநாடி போதும். தமிழில், சிங்களத்தில், ஆங்கிலத்தில்.

அதுவும் போதாது. கரண்ட் போனால் திரையும் போகும். கொத்மலை நமக்குச் சொல்லிக் கொடுத்தது இதுதான்: ஒரே கருவியை நம்பாதே. இன்டர்நெட் இருந்தது, அதை ரேடியோ வாசித்தது, ரேடியோ போகாத இடத்துக்கு ஓட்டோ போனது. ஒன்று விட்ட இடத்தை இன்னொன்று பிடித்தது. அதில் விட்டுப்போன ஒரு இடம் நம்ம பாஷை. அதை யாராவது வந்து பிடிப்பார்கள் என்று இன்னும் காத்திருக்க முடியாது.

ஒரு கரும்பலகை

அதனால் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து சின்னதாக ஒன்று செய்தோம். லயத்துக்கு நடுவில், எல்லாரும் தண்ணி பிடிக்கிற பைப்புக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகை. பாதியில் ஒரு கோடு. மேல் பாதியில் எங்கள் எழுத்து: இன்றைய மழை. அளவெடுக்க வாய் அகலம் மாறாத, அடி தட்டையான ஒரு போத்தல், அதன் பக்கத்தில் ஒட்டின ஒரு ஸ்கேல். கீழ்ப் பாதியை வெறுமையாக விட்டு, ஒரு சோக்கட்டியை நூலில் கட்டித் தொங்கவிட்டோம். யாரும் எழுதலாம்.

முதல் வாரம் பிள்ளைகள் பூவும் கிரிக்கெட் ஸ்கோரும் வரைந்தார்கள். யாரோ ஒருவர் இன்னொருவரைத் திட்டி எழுதினார்; அழித்தோம். டப்ளினில் நடந்தது இங்கேயும் நடக்குது என்று சிரித்துக்கொண்டோம்.

இரண்டாம் வாரம் ஒரு மழை விடிஞ்சபோது மேலே 62 என்று எழுதப் போனேன். கீழே கோணல் மாணலாக, எழுத்துப் பழகாத கையால் ஒரு வரி இருந்தது: “எங்க காம்பராவுக்கு மேல் பக்கம் நெலம் வெடிச்சிருக்கு. யாருகிட்ட சொல்றது.”

கேள்விக்குறி கூடப் போடவில்லை. நான் அதை அழிக்காமல், கீழே அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்தை எழுதினேன். பிறகு அந்த வெடிப்பைப் பார்க்க மேலே ஏறினோம். ஒரு விரல் அகலம், பத்து அடி நீளம். அதை ஃபோனில் படம் எடுத்து, நூலால் அளந்து, திகதி போட்டு வைத்திருக்கிறோம். 117க்கு நாங்களும் அடித்துச் சொல்லியாயிற்று. வந்து பார்க்கிறோம் என்றார்கள். பலகையில் அதையும் எழுதியிருக்கிறோம்: சொன்ன திகதி, வருவதாகச் சொன்னது. யாரும் அழிக்கக் கூடாது என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறோம். தினமும் காலையில் தண்ணி பிடிக்க வருகிற எல்லாரும் அந்த வரியை வாசித்துவிட்டுத்தான் போகிறார்கள்.